இரண்டாவது சிறுத்தை

கோடை முற்றிவிட்டது. கொடுவாய்க்காட்டில் ஓடைகள் எல்லாம் வற்றிப்போயின. நாவல் குட்டையில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. மானும் பன்றியும் மயிலும் அங்கேதான் தண்ணீர் குடித்தன. வாகை என்ற காட்டெருமையும் தன் கன்றைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் வந்தாள்.

கன்றின் பெயர் செவலை. பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் வாகைக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று நோயில் போனது. மற்றொன்றை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதனால் செவலை எங்கே நின்றாலும் வாகையின் நிழல் அதன் மேல் விழும். மந்தையிலுள்ள மற்ற பசுக்கள் கேலிகூடச் செய்யும். வாகை அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அன்று காலை மந்தை மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. தாயும் கன்றும் மட்டும் குட்டையில் இறங்கியிருந்தார்கள். செவலை சேற்றை மிதித்து விளையாடியது.

"அம்மா, இங்கே பாரேன்! என் கால் காணாமப் போச்சு!"

"போதும், கரைக்கு வா! குடிச்சாச்சுல்ல?"

செவலை துள்ளிக்கொண்டு கரையேறியது. அதே கணத்தில் புதர் கிழிந்தது. கடுவன் என்ற ஆண் சிறுத்தை பாய்ந்து வந்து, கன்றின் பின்னங்காலைக் கவ்வியது.

"அம்மா!"

வாகை தண்ணீர் தெறிக்கத் திரும்பினாள்.

"விடு! என் பிள்ளையை விடு! விட்டுட்டு ஓடிடு, நான் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்!"

கடுவன் விடவில்லை. பசி அதன் காதை அடைத்திருந்தது. கன்றைப் புதரை நோக்கி இழுத்தது. வாகை தரையை ஓங்கி மிதித்தாள். கொம்பை ஆட்டினாள். அடிவயிற்றிலிருந்து உறுமினாள்.

"கடைசியாச் சொல்றேன்! விடு!"

கடுவன் காலை விட்டது. ஆனால் ஓடுவதற்காக விடவில்லை. கன்றின் கழுத்தைப் பிடிப்பதற்காக விட்டது. அதன் வாய் திறந்ததை வாகை பார்த்தாள். அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி ஒரே பாய்ச்சல். வலக்கொம்பு சிறுத்தையின் விலாவில் இறங்கியது.

கடுவன் நாவல் மரத்தடியில் போய் விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. வாகை மூச்சு வாங்க நின்றாள். இன்னொரு முறை குத்தவில்லை. குத்தத் தேவையும் இல்லை.

"நாலு நாளாச்சு நான் சாப்பிட்டு" என்றது கடுவன். அவ்வளவுதான் சொல்லிற்று. பிறகு அதன் கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

சத்தம் கேட்டு மந்தை ஓடிவந்தது. மந்தைத் தலைவர் முன்னால் வந்தார். எப்போதோ ஒரு சண்டையில் ஒரு கொம்பை இழந்தவர் அவர். ஒற்றைக்கொம்பர் என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். அவர் கன்றின் காலை முகர்ந்து பார்த்தார். சிறுத்தையைப் பார்த்தார். வாகையைப் பார்த்தார்.

"நான் கொன்னுட்டேன், ஐயா" என்றாள் வாகை.

"அது விட்டிருந்தா நீ குத்தியிருப்பியா?"

"மாட்டேன். ரெண்டு தரம் சொன்னேன். கேக்கலை."

"பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஓட வழி இருந்துச்சா?"

"அதோட வாய்க்குள்ளே கால் இருந்துச்சே, ஐயா! அதை விட்டதும் கழுத்துக்குப் போச்சு! எப்படி ஓடுவேன்?"

"அப்போ உன் மேலே பழி இல்லை" என்றார் ஒற்றைக்கொம்பர். "உயிர் போற நேரத்துலே உயிரைக் காப்பாத்துன கொம்பு அது. அதைக் கழுவிட்டு வா. பிள்ளைக்குப் பால் குடு."

வாகை கொம்பைக் கழுவினாள். செவலைக்குப் பால் கொடுத்தாள். செவலை மடியில் முட்டி முட்டிக் குடித்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நண்பகலில் வேறொரு அழுகை கேட்டது. மேட்டிலிருந்து மந்தை எட்டிப் பார்த்தது. ஒரு பெண் சிறுத்தை நாவல் மரத்தடிக்கு வந்திருந்தாள். கடுவனின் துணைவி அவள், பெயர் மஞ்சணத்தி. செத்துக் கிடந்தவனின் முகத்தை நக்கினாள். காலால் லேசாகத் தட்டி எழுப்பிப் பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தி மேட்டைப் பார்த்தாள். அத்தனை காட்டெருமைகளுக்கு நடுவிலும் கொம்பைக் கழுவியும் நெற்றியில் காய்ந்திருந்த ரத்தக்கறையோடு நின்ற வாகையின் முகத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

வெகுநேரம் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று வாகைக்குத் தெரியவில்லை. அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

மறுநாள் காலை முணங்கன் வந்தான். அவன் ஒரு நரி. எதையும் உரக்கப் பேச மாட்டான். காதருகே வந்து முணுமுணுப்பதே அவன் வழக்கம். பாறைமேட்டில் ஒரு குகை உண்டு. போன மழைக்காலம்வரை அது முணங்கன் குடியிருந்த குகை. சிறுத்தைகள் வந்து அவனைத் துரத்திவிட்டு அதில் குடியேறிவிட்டன. அன்றிலிருந்து அவன் மரப்பொந்திலும் புதரிலும் படுத்துக்கொண்டிருந்தான். கடுவன் செத்த செய்தி கேட்டதும் அவனுக்குப் பாதிக் குகை திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது. மீதிப் பாதிக்காகத்தான் வாகையைத் தேடி வந்தான்.

"அக்கா, கால் எப்படி இருக்கு பிள்ளைக்கு?"

"நொண்டுறான். ரெண்டு நாளிலே சரியாயிடும்னு ஐயா சொல்றார்."

"ரெண்டு நாளா!" என்று முணங்கன் பெருமூச்சு விட்டான். "ரெண்டு நாள் அவ விட்டுவைக்கணுமே!"

"யாரு?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? நேத்து உங்களைப் பார்த்தாளே ஒரு பார்வை! அது வெறும் பார்வையா? சபதம் அக்கா, சபதம்! 'என் துணையைக் கொன்னவளோட பிள்ளையை நான் கொல்லுவேன்'னு சொல்லிக்கிட்டு மரத்துலே நகத்தைத் தீட்டிக்கிட்டிருக்கா!"

வாகை செவலையின் பக்கம் நெருங்கி நின்றாள்.

"நீயே கேட்டியா?"

"இந்த ரெண்டு காதாலேயும் கேட்டேன்!"

முணங்கன் எதையும் கேட்கவில்லை. மஞ்சணத்தி இருந்த பக்கமே அவன் போகவில்லை. ஆனால் வாகை அவன் காதுகளைப் பார்த்தாளே தவிர, அவன் கண்களைப் பார்க்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலை, அக்கா. நீங்க பிள்ளை பெத்தவங்க. அவ வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா, வர்றதுக்கு முன்னாடியே முடிச்சுடணுமான்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவன் புதருக்குள் மறைந்தான்.

வாகை நேராக ஒற்றைக்கொம்பரிடம் போனாள்.

"ஐயா, அந்தப் பெண் சிறுத்தை என் பிள்ளையைக் கொல்லப் போறாளாம்!"

"யார் சொன்னது?"

"முணங்கன்."

"அவன் சொன்னானா!" ஒற்றைக்கொம்பர் அசைபோடுவதை நிறுத்தினார். "இங்கே பாரு. அவ வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். பிள்ளையோட கால் தேறினதும் நாளை மறுநாள் எல்லாருமா மேல்மலைப் புல்வெளிக்குப் போயிடலாம். அங்கே தண்ணியும் உண்டு, சிறுத்தையும் இல்லை. அதுவரைக்கும் செவலை மந்தைக்கு நடுவிலே நிக்கட்டும். நாலு காளை சுத்தி நிக்கும். அதைத் தாண்டி எந்தச் சிறுத்தை வரும்?"

"அவ வந்துட்டா?"

"வந்தா அப்போ பார்த்துக்கலாம். நீயாத் தேடிப் போகாதே."

வாகை தலையாட்டினாள். ஆனால் பயம் தலையாட்டலோடு போய்விடுமா? அன்றெல்லாம் அவளுக்குப் புல் இறங்கவில்லை. காற்றில் ஒரு சருகு புரண்டாலும் திரும்பிப் பார்த்தாள். செவலை நாலு காளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "அம்மா, எனக்கு மூச்சு முட்டுது!" என்று சிணுங்கியது.

மாலையில் மந்தை தண்ணீர் குடிக்கப் போனது. எதிர்க்கரையில் மஞ்சணத்தி நின்றிருந்தாள். விலா எலும்பு தெரிந்தது. காளைகள் கொம்பைத் தாழ்த்தின. அவள் அசையாமல் நின்றாள்.

"தண்ணி குடிக்கத்தான் வந்தேன்" என்றாள். "குடிச்சுட்டுப் போயிடறேன்."

ஒற்றைக்கொம்பர் தலையை நிமிர்த்தினார். "குடிச்சுட்டுப் போ. நாங்க இந்தப் பக்கம் நிக்கிறோம்."

மஞ்சணத்தி குடித்தாள். ரொம்ப நாள் தாகம்போல நிறுத்தாமல் குடித்தாள். போகும்போது ஒருமுறை திரும்பிச் செவலையைப் பார்த்தாள். பிறகு பாறைமேட்டை நோக்கி வேகமாகப் போனாள்.

"பார்த்தீங்களா?" வாகையின் முதுகுப்பக்கம் ஒரு முணுமுணுப்பு. முணங்கன் நாணலுக்குள் பதுங்கியிருந்தான். "பிள்ளை எந்த இடத்துலே நிக்குது, எத்தனை காளை நிக்குது, எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுப் போறா! தண்ணி குடிக்கவாம், தண்ணி!"

வாகை வாயில் எடுத்த தண்ணீர் வழிந்து குட்டையிலேயே விழுந்தது.

மறுநாள் உச்சிவேளை. வெயில் தாங்காமல் மந்தை மர நிழலில் கண்ணயர்ந்திருந்தது. வாகை எழுந்தாள். செவலையை ஒருமுறை நக்கிக்கொடுத்தாள்.

"எங்கே அம்மா போறே?"

"உனக்காகத்தான் போறேன். நீ இங்கேயே இரு."

புதரில் காத்திருந்த முணங்கன் முன்னால் ஓடினான். வாகை பின்னால் போனாள். குட்டையைத் தாண்டினார்கள். மூங்கில் காட்டைத் தாண்டினார்கள். பாறைமேட்டில் ஏறினார்கள். தூரம் அதிகம். திரும்பிப் போவதற்கு அவளுக்கு வழியெல்லாம் இடம் இருந்தது. இரண்டு தடவை அவள் நின்றாள்கூட. இரண்டு தடவையும், "பிள்ளையை நெனச்சுப் பாருங்க அக்கா!" என்றான் முணங்கன்.

குகை வாசலில் மஞ்சணத்தி ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு மெல்ல ஏறி இறங்கியது.

வாகை நின்றுவிட்டாள். தூங்குகிற ஒரு முகத்தை அவள் எதிர்பார்த்து வரவில்லை. சபதம் செய்தவளைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தாள்.

"தூங்குறாளே" என்றாள் மெல்ல.

"முழிச்சுட்டா யார் சாகறது? நீங்களா, உங்க பிள்ளையா?" என்றான் முணங்கன். சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வாகை ஓரடி எடுத்து வைத்தாள். குளம்புக்கடியில் ஒரு கல் புரண்டது. மஞ்சணத்தி விழித்துக்கொண்டாள். துள்ளி எழுந்தாள். ஆனால் பாயவில்லை. பின்னுக்கு நகர்ந்து, குகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்கே எதுக்கு வந்தே? போ! நான் உன்கிட்டே வரலையே! போயிடு, நான் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்!"

வாகையின் காதில் அது விழுந்தது. ஆனால் இரண்டு நாளாக ஊதி வளர்த்த பயம் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது. அவள் தலையைத் தாழ்த்தினாள்.

"கடைசியாச் சொல்றேன், போ!" என்று அலறினாள் மஞ்சணத்தி.

வாகை பாய்ந்தாள். மஞ்சணத்தி அவள் முகத்தில் அறைந்தாள். நகங்கள் கன்னத்தைக் கிழித்தன. தப்பி ஓட மஞ்சணத்திக்குப் பக்கத்திலேயே சரிவு இருந்தது. ஓடியிருந்தால் எந்தக் காட்டெருமையாலும் அவளைப் பிடித்திருக்க முடியாது. அவள் ஓடவில்லை. வாசலைவிட்டு நகரவேயில்லை. கொம்பு இறங்கியபோதும் முதுகைக் குகைக்குள் அழுத்திக்கொண்டுதான் விழுந்தாள்.

"ஏன்?" என்று கேட்டாள்.

"நீ என் பிள்ளையைக் கொல்ல வந்திருப்பே!" என்றாள் வாகை. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"வந்தேனா?"

மஞ்சணத்தி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தலையைக் குகைப் பக்கம் திருப்பினாள். அப்படியே அடங்கிப்போனாள்.

அப்போது குகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, கம்மிய சத்தம். பிறகு இன்னொன்று. வாகை எட்டிப் பார்த்தாள். இருட்டில் நான்கு கண்கள். கண் திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. இரண்டு குட்டிகள் தாயின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

வாகை ஓரடி பின்வாங்கினாள்.

முணங்கன் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தான். நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டான்.

"நல்ல காரியம் பண்ணினீங்க அக்கா! கொஞ்சம் வழி விடுங்க. இதுகளையும் முடிச்சுட்டா, குகை பழையபடி என்னுது!"

"உன்னுதா?"

"பின்னே? இவங்க வர்றதுக்கு முன்னாடி நான்தானே இருந்தேன்!"

"அவ சபதம் பண்ணினதா நீ சொன்னியே?"

முணங்கன் சிரித்தான். "பண்ணியிருப்பா அக்கா. பண்ணாம இருப்பாளா?"

சிரித்துக்கொண்டே அவன் குட்டிகளை நோக்கி நகர்ந்தான். வாகை குறுக்கே வந்தாள். கொம்பு அவன் மூக்குக்கு நேராக நின்றது.

"இன்னும் ஒரு அடி வெச்சே, செத்தே!"

முணங்கன் அவள் கண்ணைப் பார்த்தான். வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு சரிவில் ஓடினான். வாகை நாலு அடி துரத்தினாள். பிறகு நின்றாள். அவன் ஓடிக்கொண்டிருந்தான். ஓடுகிறவனைத் துரத்திக் குத்த அவள் கொம்பு எழவில்லை. இந்த நிதானம் அரை நாழிகைக்கு முன்னால் எங்கே போயிருந்தது என்று நினைத்தாள். நினைத்துத் தலையைப் பாறையில் மோதிக்கொண்டாள்.

மந்தை அவளைத் தேடி வந்து சேர்ந்தது. நடந்ததைப் பார்த்ததும் இளங்காளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ரெண்டாவது சிறுத்தை! அக்கா ஒருத்தியே ரெண்டு சிறுத்தையை முடிச்சுட்டாங்க!"

"அக்கா முகத்தைப் பாருங்க! எப்படிக் கிழிச்சிருக்கு! அதுதான் முதல்லே பாய்ஞ்சிருக்கும். அக்கா தன்னைக் காப்பாத்திக்கத்தான் குத்தியிருப்பாங்க. இல்லையா அக்கா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கன்னத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "ஆமாம்" என்ற ஒரு சொல் போதும். மந்தை முழுக்க அதை நம்பத் தயாராக நின்றது. செவலையும் நொண்டிக்கொண்டே வந்து முன்வரிசையில் நின்றது.

"இல்லை" என்றாள் வாகை. "அவ என்கிட்டே வரலை. நான்தான் அவ வீட்டுக்கு வந்தேன். தூங்கிக்கிட்டிருந்தா. போ போன்னு சொன்னா. நான் போகலை."

இளங்காளைகள் ஓரடி பின்னால் நகர்ந்தன.

பக்கத்து மரத்திலிருந்து ஒரு மலையணில் கீழே இறங்கிவந்தது.

"நான் ஒண்ணு சொல்லலாமா? நேத்து அந்தம்மா இந்த மரத்தடியிலே உக்காந்து அழுதாங்க. 'அவர் என் பிள்ளைகளுக்காகப் போனார். அவ தன் பிள்ளைக்காகக் குத்தினா. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். குட்டிங்க கால் ஊன்றினதும் இந்தக் காட்டைவிட்டே போயிடறேன்'னு சொன்னாங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினாள் வாகை.

"என்னை யாரும் கேக்கலையே" என்றது அணில்.

ஒற்றைக்கொம்பர் மஞ்சணத்தியின் உடலை முகர்ந்து பார்த்தார். பேசியபோது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் வாகைக்கு இன்னும் வலித்தது.

"முந்தாநாள் உன் கொம்பிலே பழி இல்லைன்னு நானே சொன்னேன். இன்னைக்கும் அதேதான் சொல்லுவேன், அந்த நாளைப் பத்தி. அன்னைக்கு உன் பிள்ளை அதோட வாயிலே இருந்துச்சு. உனக்கு வேற வழி இல்லை. இன்னைக்கு உன் பிள்ளை நாலு காளைக்கு நடுவிலே தூங்கிக்கிட்டிருந்துச்சு. நாளைக்கு மலையேறிப் போக வழியும் இருந்துச்சு. நீ இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கே, வாகை. தன்னைக் காப்பாத்திக்கிறவ இவ்வளவு தூரம் நடக்க மாட்டா."

"எனக்குப் பயமா இருந்துச்சு, ஐயா."

"தெரியும். பயம் பொய்யில்லை. ஆனா உன் பயத்துக்கு அவ உயிரைக் குடுக்கணும்னு ஒண்ணும் இல்லையே. உன் முகத்துலே இருக்கிற காயத்தைத் தற்காப்புன்னு இவங்க சொல்றாங்க. சரிதான். அது தற்காப்புதான். அவளோட தற்காப்பு."

வாகை முழந்தாளிட்டாள்.

"எனக்கு என்ன தண்டனை?"

"மந்தைகிட்டே இதுக்குத் தண்டனை எதுவும் இல்லை" என்றார் ஒற்றைக்கொம்பர். "நாளைக்குக் காலையிலே கிளம்பறோம். நீயும் வா."

வாகை போகவில்லை. மந்தை மேல்மலைக்குக் கிளம்பியபோது அவள் குகை வாசலிலேயே நின்றாள். ஒற்றைக்கொம்பர் இரண்டு காளைகளை அவளுக்குக் காவலாக விட்டுவிட்டுப் போனார். செவலை தாயைவிட்டுப் போக மறுத்துவிட்டது.

வாகை வாசலில் படுத்து, மடியைக் குகைப் பக்கம் திருப்பிக் காட்டினாள். "வாங்க கண்ணுங்களா, குடிங்க" என்று கெஞ்சினாள். குட்டிகள் வரவில்லை. அவள் மூச்சு பட்டாலே உள்ளே உள்ளே ஒடுங்கின. அவள் கொம்பை எத்தனை முறை கழுவியிருந்தாலும் அவற்றுக்குத் தாயின் ரத்த வாசனை அதில் அடித்துக்கொண்டேயிருந்தது.

"அம்மா, அதுங்க ஏன் உன்னைப் பார்த்துப் பயப்படுது?" என்று கேட்டது செவலை.

"பயப்படத்தான் வேணும்" என்றாள் வாகை.

மலையணில் அடுத்த மலைவரை ஓடிப் பார்த்தது. வேறு பெண் சிறுத்தை யாராவது வருவாளா என்று தேடியது. யாரும் கிடைக்கவில்லை. முணங்கன் இரண்டு முறை தூரத்தில் வந்து நின்றான். வாகை எழுந்து நின்றதும் போய்விட்டான். குட்டிகளைப் பகையிலிருந்து அவளால் காப்பாற்ற முடிந்தது. பசியிலிருந்து காப்பாற்ற முடியவில்லை.

இரண்டாம் நாள் ஒரு குட்டியின் சத்தம் நின்றது.

மூன்றாம் நாள் காலையில் மற்றது தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. பயப்படுவதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை. வாகையின் மடியில் முகத்தை வைத்தது. வாகை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். குட்டி வாயைத் திறந்தது. காம்பு அந்தச் சின்ன வாய்க்குப் பெரிதாக இருந்தது. ஒரு சொட்டுப் பால் அதன் தாடையில் வழிந்தது. அதை விழுங்க அது முயன்றது. பிறகு முயலவில்லை. மடிமேல் முகத்தை வைத்தபடியே கிடந்தது.

வெயில் ஏறும்வரை வாகை அசையவில்லை. செவலைதான் வந்து அவள் தோளை முட்டியது.

"அம்மா, பசிக்குது."

அவள் குட்டியை மெல்ல நகர்த்தித் தாயின் பக்கத்தில் விட்டாள். சருகையும் மண்ணையும் காலால் தள்ளி மூவரையும் மூடினாள். காட்டெருமைகளுக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. காவலுக்கு நின்ற காளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிறகு நாலு பேரும் மேல்மலைக்கு நடந்தார்கள்.

செவலை வளர்ந்து பெரிய காளையானது. மேல்மலைக்கு வந்த பிறகு பிறந்த கன்றுகள் வாகையைச் சுற்றிக்கொள்ளும். அவள் கன்னத்துத் தழும்புகளைப் பார்த்து வாய்பிளக்கும்.

"நீங்க தனியா ரெண்டு சிறுத்தையைக் கொன்னீங்களாமே! நிஜமா?"

"ரெண்டு இல்லை, நாலு" என்பாள் வாகை. "முதல் ஒண்ணுக்கு, ஏன் கொன்னேன்னு யார் கேட்டாலும் என்கிட்டே பதில் இருக்கு. மத்த மூணுக்கும் இல்லை."

அதற்குமேல் அவள் பேச மாட்டாள். கன்றுகள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விளையாடப் போய்விடும்.

உயிரைப் பறிக்க வந்து நிற்பவனை, விலக வேறு வழியே இல்லாதபோது வீழ்த்துவதுதான் தற்காப்பு. ஒருநாள் வருவான் என்ற பயத்தில் அவனைத் தேடிப்போய் வீழ்த்துவது கொலை.